தங்கையின் படத்துக்குப் போட்ட மாலை

எனக்கு எதுவும் கோணலாக இருந்தால் பிடிக்காது. சுவரில் காலண்டர் சாய்ந்து தொங்கினாலே சாப்பாடு இறங்காது. ஓவிய டீச்சருக்கு இருக்கவேண்டிய குணம்தான் என்று பள்ளிக்கூடத்தில் மெச்சிக்கொள்வார்கள். அந்தக் குணத்தால் ஒரு மனுஷிக்கு நான் செய்த கெடுதலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இலங்கையில் பெரிய கலவரம் நடந்த அடுத்த வருடம் அது. நான் வேலை பார்த்த மிஷன் பள்ளிக்கூடம் தல்லாகுளத்தில் ஒரு மண்டபத்தை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்து, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உள்ள பழைய உறவைப் பற்றி ஓவியக் கண்காட்சி வைத்தது. முக்கால்வாசிப் படங்கள் என் கைவேலை. ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன கப்பல், தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிக்குப் பின்னால் மூட்டை முடிச்சோடு நடந்த சனங்கள், தேயிலை மலை, இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பிரித்துக்கொண்டபோது ரயிலில் வந்து இறங்கிய குடும்பங்கள்.

எங்கள் தையல் டீச்சர் அப்படி வந்து இறங்கியவர்தான். அவருக்கும் அவருடைய அப்பா அம்மாவுக்கும் இந்தியா என்று முடிவானது. தங்கையைக் கட்டியவருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்திருந்ததால் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். மாதம் ஒரு கடிதம் தவறாமல் போடுகிறவள், கலவரத்துக்குப் பிறகு ஒன்றுகூடப் போடவில்லை. இவர் எழுதியவற்றுக்கும் பதில் இல்லை.

தபால்தலை அளவில் ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"கலவரத்துல தப்பி வந்து அகதி முகாமுல இருக்கிறவங்களையும் பஸ்ஸுல கூட்டிட்டு வரப்போறாங்களாமே டீச்சர். இவளைப் பெருசா வரைஞ்சு வைங்க. பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்ல மாட்டாங்களா?"

நான்கு நாள் உட்கார்ந்து கரியில் வரைந்தேன். மூக்குத்திதான் பாடாய்ப் படுத்தியது. படத்தின் அடியில், 'இவரைப் பார்த்தவர்கள் ஆசிரியர்களிடம் சொல்லவும்' என்று கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திறப்பு விழா அன்று தையல் டீச்சருக்குப் பரீட்சை டியூட்டி, வர முடியவில்லை. வாசலுக்கு நேர் எதிரே மூன்று படங்கள். ஒரு பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திய பாதிரியார், மறுபக்கம் எங்கள் பழைய தலைமையாசிரியை. இருவரும் காலமானவர்கள் என்பதால் மாலை போட்டிருந்தோம். நடுவில் தையல் டீச்சரின் தங்கை. திறந்துவைக்க வந்த கல்வி அதிகாரியின் ஜீப் வாசலில் நின்ற நேரத்தில் திரும்பிப் பார்த்தேன். இரண்டு ஓரமும் நிறைந்திருக்க, நடுப்படம் மொட்டையாக நின்றது.

"இன்னொரு மாலை மிச்சமிருக்கு டீச்சர்" என்றார் பூக்காரர்.

"நடுவுல போட்டுருங்க."

உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போடக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். விழா முடிந்ததும் கழற்றிவிடலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். மாலை நீளமாகத் தொங்கிச் சீட்டை மறைத்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. மூன்று படமும் ஒரே சீராகத் தெரிந்ததில் எனக்கு அப்படி ஒரு திருப்தி. பிறகு அதிகாரியோடு படம் படமாக நடந்து விளக்கம் சொன்னதில் மாலையைச் சுத்தமாக மறந்துபோனேன்.

சாயங்காலம் கதவைப் பூட்டும்போது மண்டபத்து வாட்ச்மேன் சும்மா பேச்சுவாக்கில் சொன்னார்.

"மத்தியானம் நீங்கள்லாம் சாப்பிடப் போயிருந்தப்ப முகாமுல இருந்து வந்தவுகள்ல ஒரு அம்மா, அந்த நடுப் படத்து முன்னாடி நின்னு அம்புட்டு அழுகை டீச்சர். 'நான் வாரப்ப நல்லாத்தானே இருந்தா, எப்பய்யா செத்தா'ன்னு கேட்டுச்சு."

பூட்டை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினேன். "நீங்க என்ன சொன்னீங்க?"

"மாலை போட்ருக்கே. போய்ச் சேந்துட்டாக போலன்னு சொன்னேன். அந்தம்மா கும்பிட்டுட்டுப் பஸ் ஏறிருச்சு."

அவரைக் கோபித்து என்ன பயன்? அவரிடம் விவரத்தை நான் சொல்லி வைத்திருக்கவேண்டும். மாலையைப் பிய்த்து எறிந்தேன். அந்த நேரமே தையல் டீச்சர் வீட்டுக்குப் போயிருக்கவேண்டும், போகவில்லை. காலையில் முகாமுக்குப் போய் அந்த அம்மாவைக் கையோடு அழைத்துவந்து நிறுத்திவிட்டால் நான் செய்த கோளாறு வெளியே தெரியாது என்று கணக்குப் போட்டேன். அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

விடிந்ததும் முதல் பஸ் பிடித்துத் திருமங்கலம் தாண்டி இருந்த முகாமுக்குப் போனேன். முதல் நாள் கண்காட்சிக்கு வந்தவர்களில் பாதிப்பேரைப் பொழுது புலரும் முன்பே வேறு மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பிவிட்டிருந்தார்கள். அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் இல்லாமல் யாரை விசாரிக்கிறீர்கள் என்று குமாஸ்தா என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரவே சொல்லியிருந்தால் இருவருமாக ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம்.

பள்ளிக்கூடத்துக்கு வந்து தையல் டீச்சரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தைத்துக்கொண்டிருந்த பாவாடையைக் கீழே வைத்தார்.

"அந்தம்மா எப்ப வந்தாங்களாம்? கலவரத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?"

பின்னால் வந்தவர் என்றால் தங்கை கலவரத்திலிருந்து தப்பிவிட்டாள். முன்னால் வந்தவர் என்றால் அந்த வார்த்தைக்கு அர்த்தமே இல்லை. யாரும் அதைக் கேட்கவில்லை என்றேன்.

உடனே மண்டபத்துக்குக் கிளம்பினார். நான் பின்னாலேயே போனேன். தங்கையின் படத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக வாட்ச்மேனிடம் போய், "அந்தம்மா சொன்னதை அப்படியே சொல்லுங்கண்ணே" என்றார்.

"'நான் வாரப்ப நல்லாத்தானே இருந்தா'ன்னுச்சும்மா."

"எந்த மாசம் வந்தேன்னு ஏதும் சொன்னாங்களா?"

"அதெல்லாம் சொல்லலையேம்மா."

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே."

அவர் மறுபடியும் சொன்னார். இவர் மறுபடியும் கேட்டார். நான்காவது தடவை வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.