விரதத்தன்று தின்ற பச்சைச் சாக்லேட்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெல்லி ஆர்.கே.புரத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். வறுக்காத கோகோவில் செய்த பச்சைச் சாக்லேட் இதயத்துக்கு நல்லது என்று மருமகள் தினமும் ஒரு சின்னத் துண்டு தருவாள். சஷ்டி விரதத்தன்று அடுப்பில் சமைத்த எதையும் நான் தொடமாட்டேன். இது அடுப்பில் ஏறாததுதானே என்று நினைத்து, எவ்வளவு தின்னலாம் என்று மருமகளிடம் கேட்கக் கூச்சப்பட்டு, பசிக்கு முழுக்கட்டியையும் தின்றுவிட்டு, இங்குள்ள முருகன் மலைக்கோயில் படி ஏறினேன். பாதியில் நெஞ்சு படபடவென்று அடித்தது. முருகா, அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் வந்த நர்ஸ் பெண் நாடி பிடித்துப் பார்த்தாள்.

"என்ன சாப்பிட்டீங்க பாட்டி?"

"விரதம்மா. சாக்லேட் மட்டும்தான்."

"அச்சா, அப்படியா! வெறும் வயித்துல சொம்பு சொம்பா காப்பி குடிச்ச மாதிரில்ல இது! காப்பில இருக்குற படபடப்பு கோகோலயும் இருக்கே!"

அவளே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பயமில்லை என்றார்கள். மருமகள்தான், "ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாம்மா?" என்று அழுதாள்.

இப்போது விரதத்துக்குப் பழம்தான். சாக்லேட், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு.

அது இதயத்துக்கு நல்லதுதானா, வயதானவர்களுக்கு எவ்வளவு தாங்கும் என்று டாக்டரிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகே இதைப் பிரசுரியுங்கள். என் எழுத்தை நம்பி யாரும் தின்றுவிடக் கூடாது.