மூன்றாவது குத்தில் விழாதவன்

என் தம்பிக்கு உடம்பு இருந்த அளவுக்கு மூளை இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. தாராவித் தோல் கிடங்கில் பச்சைத்தோல் சுமந்து உரமேறிய தோள்கள் அவனுக்கு. அதைப் பார்த்துத்தான் மாஹிமிலிருந்து வந்த இந்திக்கார டைரக்டர் அவனைத் தன் படத்துக்குக் கேட்டான்.

கள்ளத்தனமாகக் குத்துச்சண்டை நடத்தி ஊரை ஏமாற்றும் இரண்டு எத்தர்களின் கதை அது. படம் எடுத்தவர்கள் அந்த எத்தர்களைவிடப் பரிதாபம். கிடங்கையே ஓசியில் வாங்கி, சன்னலுக்கெல்லாம் கோணி கட்டி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை ராத்திரியாக்கினார்கள். வேடிக்கை பார்க்கும் கூட்டமாக எங்கள் சந்தே போய் உட்கார்ந்தது, டீக்கும் பாவு ரொட்டிக்கும்.

தம்பிக்கு ஒரே வேலைதான். ஹீரோவின் மூன்றாவது குத்தில் விழவேண்டும். "தீஸ்ரா முக்கா, கிர் ஜா" என்று டைரக்டர் மூன்று விரலைக் காட்டிக் காட்டிச் சொன்னான்.

ஆனால் முன்வரிசையில் மாமா உட்கார்ந்திருந்தார். சந்து முனையில் செருப்புப் பட்டறை வைத்திருந்தவர், எங்களுக்கு மாமா முறை. அவர் மகளைத்தான் தம்பிக்குப் பேசிக்கொண்டிருந்தோம். முதல்நாளே என்னிடம் வந்து, "நாலு பேரு பாக்க அடிவாங்கி விழுதவனுக்கு எம் பொண்ணக் குடுக்க முடியாது, பாத்துக்க" என்றார்.

"நடிப்புதான மாமா."

"விழுந்தா விழுந்ததுதாம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பியோ டைரக்டருக்கும் தலையாட்டினான், மாமாவுக்கும் தலையாட்டினான். அந்தப் பெண்மேல் அவனுக்கு உயிர்.

கேமரா ஓடியது. முதல் குத்து, இரண்டாவது, மூன்றாவது. தம்பி நின்றான். டைரக்டர் "கிர், கிர்" என்று தொண்டை கிழியக் கத்தினான். தம்பி மாமாவைப் பார்த்தான், இன்னும் விறைத்துக்கொண்டு நின்றான். ஏழாவது குத்தில் ஹீரோ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். எங்கள் சந்து எழுந்து குதித்தது, நானும்தான்.

தம்பிக்குச் சந்தோஷம் தாளவில்லை. கயிற்றைத் தாண்டி வந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல், மாமா காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். மாமா அவன் தலையைத் தொட்டு, "தையில வச்சிக்கிடுவோம்" என்றார். ஃபிலிம் தீர்ந்துபோன டைரக்டர் கொஞ்சநேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். பிறகு கேமராக்காரனோடு என்னவோ பேசி, சிரித்தபடி வந்து தம்பிக்குக் கைகொடுத்தான். நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

மார்கழியில் படம் சயானில் ஒரு கொட்டகைக்கு வந்தது. சந்தே கிளம்பிப் போனது, மாமாவும் பெண்ணும் எங்களுக்கு முன்வரிசையில். திரையில் ஹீரோ மூன்றாவது குத்தை விட்டான். அடுத்த நொடி என் தம்பி கையுறையோடு தடாலென்று குப்புற விழுந்தான். காலில் விழுந்ததைக் கேமரா பிடித்திருக்கிறது. காலை விட்டுவிட்டு விழுந்ததை மட்டும் ஒட்டிவிட்டான் அந்தப் படுபாவி. எத்தன் கதை எடுக்க வந்தவன் எங்களையே ஏமாற்றிவிட்டான்.

கொட்டகை விசிலடித்தது. நாங்கள் மட்டும் மாமாவின் பின்மண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தம்பி என் கையைப் பிடித்தான்.

மாமா எழுந்தார். போகப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் திரையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அந்தா, ஓரத்துல பாருங்கல. பித்தளைக் குமிழ் வச்ச செருப்பு. எம் பட்டறையில தச்சது, எங்காலு. அவன் எவங்கிட்டயும் அடிவாங்கி விழல, எங்கால்லதான் விழுந்தான்."

பின்னாலிருந்தவன் உட்காரச் சொல்லி வைதான். மாமா உட்காரவில்லை, செருப்பு திரையைவிட்டுப் போகும்வரை நின்றார். அவரை மனசுக்குள் எவ்வளவோ திட்டியிருந்த நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மறுநாள் பட்டறை ஆட்கள் எல்லாரையும் தன் செருப்பைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார் மனுஷன்.

தையில் கல்யாணம். தாலி கட்டி முடித்துத் தம்பி மாமா காலில் விழப்போனான். மாமா இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்து, மணவறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"கேமரா எதும் இல்லைல? இப்ப விழும் மாப்ளே."