பிரெஞ்சுப் படமும் கிள்ளான் மீனும்

என் வீட்டுக்காரர் கடலோரக் கிள்ளானில் வேறொருத்தியோடு தங்கிவிட்ட பிறகு, நான் அதிகம் ஏங்கியது அவருக்காக அல்ல, கடைப் பேச்சுக்காக.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிக்கடையில் ரவிக்கை தைக்கிறேன். நாங்கள் நான்கு பெண்கள். மிஷின் ஓடத் தொடங்கினால் புருஷன்மார்களின் வண்டவாளமும் ஓடும். “ராத்திரி முழுக்க என் பக்கத்துல லோரி ரிவர்ஸ் எடுக்குது” என்பாள் ஜன்னலோரம் தைப்பவள், குறட்டையைப் பற்றி. அந்த மாதிரிப் பேச்சுக்கு நான் அடிமை. இப்போதோ நான் படியேறும் சத்தம் கேட்டால் போதும், எல்லாரும் வெங்காய விலைக்குத் தாவிவிடுவார்கள். இரக்கம்தான். அதற்கு நாலு திட்டு வாங்கியிருக்கலாம்.

ஒருநாள், ரவிக்கை வாங்க வந்த பெண் வெளிநாட்டுப் பட விழாவுக்கு இரண்டு டிக்கெட் நீட்டினாள். “பிரெஞ்சு காமெடி ஆன்டி. அங்கிளையும் கூட்டிட்டுப் போங்க.” ஓடிய மிஷின்கள் எல்லாம் சட்டென்று நின்றன. நான் இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துவிட்டு, கீழே ஓடிய மலாய் எழுத்தைப் படித்தபடி பார்த்தேன். நீந்தப் போவதாகச் சொல்லிக் காதலி வீட்டுக்குப் போகும் கணவன், ஒவ்வொரு முறையும் துண்டை நனைத்துக்கொண்டு வருகிறான். குளத்தில் தண்ணீரே இல்லை, பழுது பார்க்கிறார்கள் என்று மனைவிக்குத் தெரியும். ஆனால் கேட்க முடியாது. பழுது பார்ப்பவன்தான் அவளுடைய காதலன்! அரங்கமே உருண்டது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்து, “பார்த்தீங்களா” என்று பக்கத்தில் திரும்பினேன். கைப்பைதான் இருந்தது.

மறுநாள் மதியச் சோற்றின்போது கடையில் அந்தக் கதையைச் சொன்னேன். ஈரத் துண்டு வரைக்கும் வந்துவிட்டேன், ஒருத்தியும் சிரிக்கவில்லை. தலை குனிந்து சோற்றைப் பிசைந்தார்கள். இதையும் விட்டால் இனி வெங்காய விலைதான் என்று எனக்குத் தோன்றியது.

“நம்ம வீட்டுல துண்டு இல்லக்கா, மீனு” என்றேன், துணி வெட்டும் மூத்த அக்காவைப் பார்த்து. “ஞாயித்துக்கிழமையானா தூண்டிலைத் தூக்கிட்டு கிள்ளானுக்குப் போவாரு. சாயங்காலம் மீனோட வருவாரு. செதில் சீவி, குடல் எடுத்து, துண்டு போட்ட மீனு!”

அக்காவின் கை சோற்றிலேயே நின்றது. “மீன் பாசார்ல வாங்குனதா?”

“கடல்லயா லா சுத்தம் பண்ணிக் குடுப்பாங்க?”

“நீ என்னடி பண்ணுன?”

“கொழம்பு வெச்சேன். ரெண்டு தட்டு சாப்பிட்டாரு.”

முதலில் அக்காதான் வெடித்தாள். “கள்ளப் பயலுக்கு முழு மீனு வாங்கக்கூடத் துப்பில்ல!” பிறகு எல்லாரும். ஜன்னலோரத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “எங்க வீட்டு லோரிக்கு இப்ப ஹார்ன் வேற சேர்ந்திருக்குக்கா” என்று என்னிடமே ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தவில்லை.

அன்று வீடு திரும்பும் வழியில், சுங்கை பூலோ சந்தையில் ஒரே ஒரு மீன் வாங்கினேன். “சுத்தம் பண்ணித் தரவா அக்கா?” என்றார் கடைக்காரர்.

வேண்டாம் என்றேன். சாயங்காலம் நீளமானது. வீட்டில் செய்ய ஏதாவது வேலை வேண்டுமே.