ரோண்டா வேண்டாம் என்ற பதினாறு படகுகள்

பர்னெட் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள படகுப் பட்டறையில் பதினெட்டு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறேன். படகின் அடியில் பட்டைவார் கொடுத்துத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் வைப்பேன். வேலை முடிந்ததும் திரும்ப இறக்குவேன். படகு வாங்க வரும் புருஷன் பெண்டாட்டிகளை நான் பார்த்த அளவுக்கு வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அநேகமாக அவனுக்கு ஆசை இருக்கும், அவளுக்குப் பயம் இருக்கும். இரண்டு பேருமே அதை வெளியே சொல்ல மாட்டார்கள். வாங்கிய இரண்டாம் வருஷமே பாய்மரத்தில் விற்பனைப் பலகை தொங்கும்.

ரோண்டா மெக்கின்லி வந்தபோது அவளுக்கு ஐம்பத்தேழு வயது. சில்டர்ஸ் ஊரில் இருபத்துநாலு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். புருஷன் நெவில் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். அந்த வருஷம்தான் இருவரும் வேலையை விட்டுவிட்டு, பாய்மரப் படகு வாங்கிக் கடலில் சுற்றலாம் என்று இறங்கியிருந்தார்கள். விட்சண்டே தீவுகளில் ஐந்து நாள் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தது மட்டுமே அவர்களுடைய கடல் அனுபவம். அந்த ஐந்து நாளில் நான்கு நாள் ரோண்டா வாந்தி எடுத்திருக்கிறாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளே சொன்னாள். வந்த முதல் நாளே கிரேனுக்குக் கீழே நின்று, "எங்களுக்குப் படகைப் பத்தி ஒண்ணும் தெரியாது, வாரிக். அசட்டுத்தனமா ஏதாவது கேப்பேன். சிரிச்சுக்க, ஆனா பதில் சொல்லிடு" என்றாள். என் சட்டையில் தைத்திருந்த பெயரைப் படித்துவிட்டுத்தான் அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள்.

முதலில் பார்த்த எட்டுப் பத்துப் படகுகளில் சண்டையே இல்லை. ஒன்றில் படுக்கை ஈரநாற்றம் அடித்தது, ஒன்றில் நெவில் தலையை நிமிர்த்தி நிற்க முடியவில்லை. பிறகு அந்த நாற்பத்தைந்து அடி வெள்ளைப் படகு வந்தது. ஐஸ் செய்யும் பெட்டி, சூடான குளியல், பத்துப் பேர் உட்காரும் மேஜை. நெவில் அதில் ஏறியவன் இறங்க மனமில்லாமல் சுக்கான் சக்கரத்தைத் தடவிக்கொண்டே நின்றான்.

"சனிக்கிழமை சிட்னியிலேர்ந்து ஒரு குடும்பம் பாக்க வருது. அப்புறம் என்கிட்ட வருத்தப்படக் கூடாது" என்றான் அதை விற்க வந்த தரகன்.

"அவங்க வந்து பாக்கட்டும். நாங்க அதுக்கு முன்னாடி இதை மேல தூக்கிப் பாக்கறோம்" என்றாள் ரோண்டா.

தூக்கிக் கொடுத்தேன். வாங்குவதற்கு முன் படகைச் சோதிக்க அவர்கள் அமர்த்திய பரிசோதகர் சின்னச் சுத்தியலால் மேல்தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போனார். ரோண்டா அவர் பின்னாலேயே முழங்காலில் தவழ்ந்தாள். பாதி தூரம் போனதும், "ஒரு நிமிஷம், அங்க திரும்பத் தட்டுங்க. சத்தம் செத்துப்போச்சே" என்றாள்.

பரிசோதகர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினம் காலைல ஆறு டயரையும் தட்டிப் பாத்துட்டுத்தான் வண்டி எடுப்பேன். காத்து இறங்கின டயர் இப்படித்தான் பேசும்."

பாய்மரத்தைச் சுற்றித் தளத்துக்குள் இருந்த மரம் ஊறி உளுத்திருந்தது. ஒரு கை அகலம் இல்லை, ஒரு கட்டில் அகலம். தரகன் அசரவில்லை, விலையில் நல்ல பங்கைக் குறைக்கிறேன் என்றான். நெவிலின் முகம் மலர்ந்தது. ரோண்டா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "குறைச்சுக் குடுத்தா மட்டும் காஞ்சிடுமா?"

அன்று நெவில் அவளோடு பேசாமல் காரில் ஏறினான். ஐந்து நாள் வீட்டில் பேச்சே இல்லை என்று பிற்பாடு அவனே சொன்னான். ஆறாம் நாள், "உனக்குப் போகவே இஷ்டமில்ல. அதான் ஒவ்வொண்ணுலயும் குத்தம் கண்டுபிடிக்கிற" என்று வெடித்திருக்கிறான்.

அது அவளைச் சுட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. கடல் அவளுக்குப் பயம்தான். வாக்குவாதம் செய்யாமல் அடுத்த புதன்கிழமை தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு படகுச் சங்கத்துக்கு வந்தாள். புதன் மத்தியானப் பந்தயத்தில் கயிறு இழுக்க ஆள் பற்றாத படகு எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவரின் படகில் ஏற்றிக்கொண்டார்கள். நானும் அதில்தான் போவேன்.

காற்று மணிக்கு இருபது கடல்மைலைத் தொட்டதும் ரோண்டா காலிடுக்கில் வாளியை வைத்துக்கொண்டாள். வாந்தி எடுப்பாள், வாயைத் துடைப்பாள், கயிற்றை இழுப்பாள். டாக்டர் பின்னாலிருந்து அலறினார்: "கயித்தை விடு! விடுங்கறேன்ல!"

"எந்தக் கயிறுன்னு சொல்லிட்டுக் கத்துய்யா! இங்க ஒம்போது கெடக்கு!"

படகில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டோம், டாக்டர் உட்பட. அதன் பிறகு அவர் கயிற்றின் நிறத்தைச் சொல்லித்தான் கத்துவார். ரோண்டா பதினான்கு புதன் வந்தாள். ஏழாவதோ எட்டாவதோ புதனில் வாளியைக் கரையிலேயே விட்டுவிட்டாள். அடுத்த வாரம் நெவிலும் வந்து மூலையில் உட்கார்ந்தான். சண்டை அதோடு ஆறிப்போயிற்று என்று நினைக்கிறேன்; யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

பதினேழாவது படகு முப்பத்துநாலு அடி. மங்கின பச்சை நிறம். மெத்தை உறைகள் கண்ணைக் குத்தும் ஆரஞ்சு. சொந்தக்காரி நைரி, நியூசிலாந்தின் வாங்கரேயிலிருந்து புருஷனோடு கடல் தாண்டி வந்தவள். அவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டதால் விற்கிறார்கள். நைரி படகின் பெருமை எதையும் சொல்லவில்லை.

"அடுப்புக்கு மேல இருக்கற ஜன்னல் மழையில ஒழுகும். இஞ்சின் காலையில ரெண்டு தடவை இருமிட்டுத்தான் கெளம்பும். பின்பக்கமா ஓட்டினா படகு இடதுபக்கம்தான் போகும், நீ என்ன திட்டினாலும் சரி. இன்னும் இருக்கு, டீ போட்டுட்டு வந்து சொல்றேன்."

ரோண்டா உட்கார்ந்தாள். மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

வாங்குவதற்கு முன் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். தங்கள் இருவரில் ஒவ்வொருவராலும் இந்தப் படகைத் தனியாக ஓட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். நைரி ஒத்துக்கொண்டாள். வேடிக்கை பார்க்க நானும் ஏறிக்கொண்டேன்.

"நெவில், நீ இன்னிக்கு இல்ல. கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. வாயையும்" என்றாள் ரோண்டா. தானே பாய் ஏற்றினாள், திருப்பினாள், ஆள் விழுந்துவிட்டதாக வைத்துக்கொண்டு தண்ணீரில் ஓர் ஆரஞ்சு மெத்தையை வீசி அதை எடுக்கப் போனாள். இரண்டு முறை தவறவிட்டாள். மூன்றாம் முறை கொக்கியில் மாட்டித் தூக்கிவிட்டாள். நங்கூரம் போட்டு, பிடித்திருக்கிறதா என்று பார்த்து, எடுத்தாள். 

அடுத்து நெவில். முப்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டியவன், நங்கூரச் சங்கிலியிடம் தோற்றான். சங்கிலி பெட்டிக்குள் சிக்கிக்கொண்டது. அதை அவன் இழுத்துக்கொண்டிருக்க, படகு நீரோட்டத்தில் பக்கவாட்டில் போய் நண்டு பிடிக்க யாரோ போட்டிருந்த ஒரு கூண்டின் கயிற்றை இஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டு நின்றது.

தள்ளி ஒரு தகரப் படகில் கூண்டுக்குச் சொந்தக்காரர் எழுந்து நின்றார். "டேய் மாட்டுப்பயலே! அது என் நண்டுடா!"

"மன்னிச்சுக்குங்க! பழகிக்கிட்டிருக்கேன்!"

"கார்பார்க்ல போய்ப் பழகுடா!"

நெவில் வாயில் கத்தியைக் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்கி, மூச்சு முட்ட முட்டக் கயிற்றை அறுத்து, கூண்டை மேலே கொண்டுவந்து சொந்தக்காரரிடம் கொடுத்தான். ஏணியில் ஏறியவன் அப்படியே தளத்தில் மல்லாந்து கிடந்தான். தண்ணீர் சொட்டச் சொட்ட வானத்தைப் பார்த்துச் சொன்னான்:

"இதுக்கே இந்தப் பாடு. நாப்பத்தஞ்சடியை வாங்கியிருந்தா இந்நேரம் ஆத்துப் பாலத்துல போய் மோதியிருப்பேன்."

ரோண்டா துண்டை அவன் மேல் போட்டாள். "எழுந்திரு. திரும்ப ஒரு தடவை செய்" என்றாள். செய்தான். வந்தது. மறுவாரம் பரிசோதனைக்குத் தூக்கிக் கொடுத்தேன். நைரி சொன்ன குறைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. வாங்கிவிட்டார்கள்.

முதல் நெடும்பயணம் லேடி மஸ்கிரேவ் தீவு. பவளப்பாறை வட்டத்துக்குள் போக ஒரு குறுகிய வாய்க்கால்தான் வழி. சூரியன் உச்சியில் இருந்தால் பாறை கண்ணுக்குத் தெரியும். காற்று சுணங்கியதால் அவர்கள் போய்ச் சேர மணி நாலரை ஆகிவிட்டது; தண்ணீர் முழுக்க ஒரே பளபளப்பு. கண்ணுக்கு எதிரே இரண்டு படகுகள் உள்ளே நுழைந்தன. நெவில் படகின் முன்முனையில் நின்று, "அவங்க போறாங்களே, பின்னாலேயே போயிடலாம்" என்றிருக்கிறான்.

"அவங்களுக்கு வழி தெரியும். எனக்குத் தெரியல" என்று ரோண்டா சுக்கானைத் திருப்பிவிட்டாள். அன்று ராத்திரி முழுக்க வெளிக்கடலில் ஒதுங்கி, முறைவைத்து விழித்திருந்தார்கள். மறுநாள் பதினொரு மணிக்கு, வெயில் நேராக இறங்கியபோது, அவன் முனையில் நின்று கை காட்ட, அவள் மெதுவாக உள்ளே கொண்டுபோனாள். உள்ளே நின்ற படகில் ஒருவர், "நேத்து ஏன் திரும்பிட்டீங்க?" என்று கேட்டாராம். "பயமா இருந்துச்சு" என்றாளாம் ரோண்டா. நெவில் இதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை.

மூன்று நாள் தங்குவதாகச் சொல்லிப் போனவர்கள் ஒன்பது நாள் இருந்தார்கள். ரொட்டி தீர்ந்து, கடைசி இரண்டு நாள் மீனும் டப்பா பீன்ஸும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். படகைக் கட்ட அவர்கள் எறிந்த கயிற்றைக் கரையில் நான்தான் பிடித்தேன். மூக்குத் தோல் உரிந்து, தலைமுடி உப்பில் விறைத்து நின்ற ரோண்டா கரையில் குதித்து முதலில் கேட்டது, திறந்த கடலில் ஒரு வாரப் பயணமான நியூ கலிடோனியா போக எந்த மாதம் காற்று நல்லது என்று.