போயிட்டு வந்த நண்டு

எண்பத்து மூன்றாம் ஆண்டில், கொழும்புக்குப் போகும் யாழ்ப்பாணத்துக் குருநகர் நண்டுப் பெட்டிகளை நான்தான் பலாலி விமான நிலையத்துக்குக் கொண்டுபோவேன். அங்கே அவற்றைச் சரக்கு விமானத்தில் ஏற்றுபவர், இரண்டு காதிலும் பஞ்சு அடைத்த குட்டையான மனிதர். ஏற்றி முடித்ததும் ஒவ்வொரு பெட்டியையும் தட்டி, "போயிட்டு வாங்கோ" என்பார்.

"அண்ணை, உதுகள் கறியாகப் போகுதுகள். எப்பிடித் திரும்பி வரும்?" என்று ஒருநாள் உரத்துக் கேட்டேன்.

"நண்டு வராட்டிலும் பிளேன் வரவேணுமே, தம்பி."

அன்று பின்னேரம் வெறும் பெட்டிகளுடன் விமானம் திரும்பியது. கதவைத் திறந்தால், காலையில் பெட்டியிலிருந்து நழுவிய நண்டொன்று சாக்குக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்தது. அவர் என்னைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கறிச்சட்டிக்குக் கொடுக்க மனமில்லாமல், அதைச் சைக்கிளில் கடலுக்குக் கொண்டுபோனார்.

அங்கே விடும்போதும் "போயிட்டு வா" என்றாரா என்பதுதான் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.