பெரிய காஞ்சிபுரத்துத் தெருவில் கொதித்த இன்ஜின்

பூந்தமல்லியில் காலை ஆறரை மணிக்குக் காஞ்சிபுரம் பேருந்து கிடைத்தது. நாற்பத்தைந்து ரூபாய் டிக்கெட். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஸ்ரீபெரும்புதூர் வரை தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் நின்றுகொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு எனக்கும் என் கருவிப் பெட்டிக்கும் தனித்தனி இருக்கை கிடைத்தது. பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்தவர் பெட்டியைப் பார்த்து, "என்னா சார், ஏசி மெக்கானிக்கா?" என்று கேட்டார். மண் தோண்டும் சின்ன எந்திரங்களைப் பழுது பார்க்கிறவன் என்றேன். "அதுக்குன்னு தனியா ஆள் இருக்குறாங்களா?" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

காஞ்சிபுரத்துக்குப் பலமுறை போயிருக்கிறேன். கோயிலுக்குப் போனது இரண்டு முறை, மற்றதெல்லாம் வேலை. இந்த முறை அழைத்தவர் பரிமளா. ஏனாத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். தம்பியோடு சேர்ந்து ஒரு மினி எக்ஸ்கவேட்டர் வாங்கி, தானே ஓட்டுகிறார். பெரிய எந்திரம் நுழைய முடியாத தெருக்களில் பாதாளச் சாக்கடைக் குழாய்க்குப் பள்ளம் தோண்டும் வேலை. மூன்று நாட்களாக வண்டி கொதிக்கிறது என்று தொலைபேசியில் சொன்னார். உள்ளூர் மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். இன்ஜினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் தகடு அது. அது போனால் குறைந்தது இரண்டு வாரம் வண்டி நிற்கும்.

"எறக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒருவாட்டி பாத்துருங்கண்ணா" என்றார். அதனால்தான் வந்தேன்.

பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். ஏகாம்பரநாதர் கோயிலுக்குத் தெற்கே உள்ள நெசவாளர் தெரு ஒன்றின் முனையில் இறங்கினேன். ஆட்டோக்காரர், "அதுக்கு மேல போவாது சார், தெருவையே பொளந்து வெச்சிருக்கிறாங்க" என்றார்.

அவர் சொன்னது சரி. தெருவின் இடப்பக்கம் வீடுகள், வலப்பக்கம் ஒரு பட்டுக் கிடங்கின் நீளமான மதில். வீடுகளை ஒட்டி இடுப்பளவுக்கும் அதிகமான ஆழத்தில் பள்ளம் பாதித் தெரு வரை வந்து நின்றிருந்தது. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பலகை. கையில் டிபன் பாத்திரத்தோடு ஒருவர் பலகையில் மெதுவாக நடந்து போனார். முந்தின நாள் பெய்த மழையின் தண்ணீர் பள்ளத்தின் அடியில் தேங்கியிருந்தது. வானம் மறுபடியும் கறுத்திருந்தது.

பரிமளா தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பக்கத்தில் ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் செந்தில். இளைஞர், காதில் போன்.

"சார், ஓப்பனா சொல்லிடுறேன். சாயங்காலம் வரைக்கும்தான் டைம். வண்டி ரெடி ஆவலைன்னா நாளைக்கு வேற வண்டி எறக்கறேன். பள்ளத்தைத் தொறந்து போட்டுக்கினு இருக்க முடியாது. மழை வந்தா செவுத்துக்கு அடியில மண்ணு சரிஞ்சுடும்."

வேறு வண்டி இறங்கினால் இந்தத் தெரு மட்டுமல்ல, இதற்குப் பின்னால் உள்ள தெருக்களும் பரிமளாவுக்கு இல்லை. பரிமளா வண்டியின் பானெட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார்.

இன்ஜின் ஆறியிருந்தது. ரேடியேட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். தண்ணீர் கொஞ்சம் குறைவு, ஆனால் எண்ணெய் கலக்கவில்லை. ஆயில் கம்பியை உருவிப் பார்த்ததில் எண்ணெய் கறுப்பாக இருந்தது, பால் நிறம் இல்லை. வண்டியை ஓடவிட்டு ரேடியேட்டர் வாயைக் கவனித்தேன், குமிழி எழவில்லை. தகடு போயிருந்தால் இவற்றில் ஒன்றாவது காட்டிக்கொடுத்திருக்கும். ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருந்தது. ரேடியேட்டரின் இடுக்குகளில் வழக்கமான புழுதிதான். அதையும் காற்றடித்துச் சுத்தம் செய்தேன்.

மூடியில்தான் ஒரு குறை தெரிந்தது. ஸ்பிரிங் தளர்ந்து, ரப்பர் வெடித்திருந்தது. மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் புது மூடி இருநூற்றைம்பது ரூபாய். வாங்கி வந்து பொருத்தி, கூலன்ட் ஊற்றி, அரைமணி நேரம் நின்ற இடத்திலேயே வேகமாக ஓடவிட்டேன். வெப்பமானியின் முள் நடுவிலேயே நின்றது. வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். பரிமளாவிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர் சிரித்தது அந்தக் காலையில் அதுதான் முதல் தடவை.

தெருவுக்கு வெளியே ஒரு மெஸ்ஸில் சாப்பிடப் போனேன். சாப்பாடு நூறு ரூபாய், மோர்க்குழம்பு நன்றாக இருந்தது. ரசத்துக்கு வருவதற்குள் போன் அடித்தது.

"அண்ணா, முள்ளு ஏறிக்கினு இருக்குது. நிறுத்திட்டேன்."

திரும்பி வந்தபோது வண்டி தெரு நடுவில் பானெட் திறந்து நின்றது. செந்தில் என் முகத்தைப் பார்க்காமல் போனில் யாரிடமோ, "நாளைக்கு காலையில ஏழு மணிக்கே எறக்கிடுப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்ஜினை ஆறவிடாமல் வெப்பம் அளக்கும் கருவியை எடுத்தேன். தொடாமலே காட்டும், துப்பாக்கி மாதிரி இருக்கும். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்கு வரும் மேல் குழாய் கடும் சூடு. ரேடியேட்டரிலிருந்து திரும்பிப் போகும் கீழ்க் குழாயும் ஏறக்குறைய அதே சூடு. தண்ணீர் எங்கோ அடைபட்டிருந்தால் கீழ்க் குழாய் இவ்வளவு சுடாது. தண்ணீர் ஒழுங்காகச் சுற்றுகிறது, ஆனால் சூட்டை எங்கும் இறக்கிவைக்காமல் திரும்புகிறது. அப்படியானால் குறை காற்றில். ஆனால் ஃபேன் என் கண்ணெதிரே நன்றாகச் சுற்றுகிறது, ரேடியேட்டரையும் நானே சுத்தம் செய்திருக்கிறேன்.

"எப்பலேர்ந்து இப்படி ஆவுது?" என்று கேட்டேன். காலையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"இந்தத் தெருவுக்குள்ள வந்ததுலேர்ந்து. ஏனாத்தூர்ல காலையில ஏறி உக்காந்தா பொழுது சாயற வரைக்கும் எறங்க மாட்டேன். ஒண்ணும் ஆவல."

"அங்க செஞ்ச மாதிரியேதான இங்கயும் ஓட்டுறீங்க?"

"அதே மாதிரிதாண்ணா."

"செரி, சூடு கொஞ்சம் எறங்கட்டும். அப்புறம் நான் பக்கத்துலயே நிக்கறேன், தோண்டுங்க."

சிறிது நேரம் கழித்து பரிமளா பானெட்டை மூடினார். இருக்கைக்கு அடியிலிருந்து மடித்துவைத்த பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றை எடுத்தார். யாருடைய பிள்ளைக்கோ காதுகுத்து விழா. நகை போட்ட குழந்தையின் முகம் இரண்டாக மடிந்திருந்தது. அதை வண்டியின் பின்பக்கத்துக் கம்பி வலையின் மேல் விரித்து, நாலு மூலையிலும் கயிற்றால் இழுத்துக் கட்டினார். ரேடியேட்டரைத் தாண்டி வரும் அனல்காற்று வெளியேறுவதற்கு வண்டியில் இருப்பது அந்த வலை ஒன்றுதான்.

"இது எதுக்கு?"

அவர் கை நின்றது. என் குரலிலிருந்தே புரிந்துகொண்டார் என்று தோன்றியது. எதிரில் இருந்த வீட்டின் சன்னலைப் பார்த்தார். உள்ளே தறி ஓடும் சத்தம் கேட்டது.

"ராஜேஸ்வரிக்கா வீடு. அவங்களுக்கு வீசிங்கு இருக்குது. மொத நாள் இந்த அனலும் பொகையும் நேரா அவங்க சன்னலுக்குள்ள போச்சு. தறியில உக்காந்துக்கினு இருந்தவங்க மூச்சு முட்டி வெளிய ஓடி வந்தாங்க, பாக்க முடியல. அதுக்கோசரம் கட்டினேன். சூடு ஏறி பானெட்டைத் தொறக்கறப்ப அவுத்துடுவேன், மெக்கானிக்கு வர்றப்ப அவுத்துதான் இருக்கும். இதனால ஆவும்னு தோணலண்ணா. புகையத் தடுக்கறதுக்குத்தானே."

பேனரை அவிழ்க்கச் சொன்னேன். தோண்டினார். முள் ஏறவில்லை. ஆனால் மண்ணைக் கொட்ட வண்டி வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் அதன் பின்புறம் அந்தச் சன்னலுக்கு நேராக வந்து அனலை ஊதியது. தறிச் சத்தம் நின்றது. இருமல் கேட்டது. பரிமளா தானாகவே வண்டியை நிறுத்திவிட்டார்.

ராஜேஸ்வரி பலகை வழியாக வெளியே வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், மூக்கில் முந்தானையை வைத்திருந்தார். செந்தில் விஷயத்தைச் சொன்னார். பேனர் கட்டியதால்தான் வண்டி கொதித்தது, கட்டியது உங்களுக்காகத்தான் என்று. சொன்ன விதத்தில் கொஞ்சம் குற்றம்சாட்டும் தொனி இருந்தது.

ராஜேஸ்வரி அவரை விட்டுவிட்டு பரிமளாவிடம் கேட்டார். "எனக்காவா கட்டின? மூணு நாளா வண்டி கொதிக்குதுன்னு இவருகிட்ட பேச்சு கேட்டுக்கினு இருந்தியே, ஒரு வார்த்தை சொன்னியா?"

"எனக்கே தெரியாதுக்கா, இதனாலதான்னு."

நான் ஒரு வழி சொன்னேன். மண்ணை வலப்பக்கம் மதிலோரம் கொட்டுவதால்தான் பின்புறம் வீட்டுப் பக்கம் வருகிறது. இடப்பக்கம் கொட்டினால் அனல் கிடங்கு மதிலில் போய் மோதும், அங்கே ஆள் இல்லை. ஆனால் மண் முழுக்கப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ராஜேஸ்வரியின் வாசலிலேயே குவியும்.

"அதெல்லாம் முடியாது சார்" என்றார் செந்தில். "வாசல்ல மண்ணு கொட்டினீங்கன்னு எனக்குத்தான் கம்ப்ளெயின்ட் வரும். வெளிய வர முடியாம மாட்டிக்குவாங்க."

"கம்ப்ளெயின்ட் யாருப்பா குடுக்கப் போறது, நான்தானே?" என்றார் ராஜேஸ்வரி. "கொட்டு. மண்ணு வந்தா எனக்கு மூச்சு முட்டப் போறதில்ல. பின்னால தோட்டத்துப் பக்கம் கதவு இருக்குது. எப்ப மூடுவீங்க?"

"கொழா எறக்கினதும் இன்னிக்கே மூடிடுவோம்க்கா" என்றார் பரிமளா.

"செரி. தறியில உக்காந்தா நான் பொழுதோடதான் எழுந்துக்குவேன். எனக்கு எதுக்கு வாசலு?"

படியில் இரண்டு சாக்கை விரித்துவிட்டு உள்ளே போனார். அன்றைக்குத் தோண்டவேண்டியிருந்த மற்ற மூன்று வீடுகளையும் அவரே கூப்பிட்டுச் சொன்னார். ஒரு வீட்டில் மட்டும் முணுமுணுத்தார்கள். செந்தில் போனை எடுத்துத் தள்ளிப் போனார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ய எதுவும் இருக்கவில்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு குழாய்களையும் அளந்தேன். கீழ்க் குழாயின் சூடு மேல் குழாயைவிட நன்றாகவே குறைந்து வந்தது. சன்னல் வரை ஈரமண் ஏறியது. பரிமளா தவறியும் ஒரு வாளி மண்ணைச் சன்னலில் சிதறவிடவில்லை. மண்மேட்டுக்குப் பின்னாலிருந்து தறிச் சத்தம் இடையில் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

நான்கு மணிக்குத் தூறல் பிடித்தது. ஆட்கள் குழாயை இறக்கிப் பூசும்வரை தூறலாகவே இருந்தது. ஐந்தரைக்குள் அந்த நான்கு வீட்டு வாசலிலும் பள்ளம் மூடப்பட்டது. பெருமழை அதற்குப் பிறகுதான் வந்தது. ராஜேஸ்வரி கதவைத் திறந்து, மூடிய பள்ளத்தின் மேல் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு முழுதாக ஏறி நின்றார். பரிமளாவுக்கும் எனக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. கொஞ்சம் தயங்கி செந்திலுக்கும் ஒரு டம்ளர் வந்தது.

"நாளைக்கு அந்தக் கடைசி வீட்டுலேர்ந்து ஆரம்பிச்சுடுமா" என்று செந்தில் பரிமளாவிடம் சொன்னார். வேறு வண்டியைப் பற்றி எதுவும் பேசவில்லை.

மழையில் பேருந்து நிலையம் வரை பரிமளாவின் தம்பி பைக்கில் கொண்டுவந்து விட்டார். திரும்பும் பேருந்தில் சன்னலோர இருக்கை, ஈரச் சட்டை. போன வருடம் அம்பத்தூரில் எங்கள் தெருவையும் இப்படித்தான் தோண்டினார்கள். மூன்று மாதம் நாங்களும் பலகையில் நடந்தோம். ஒரு மினி எக்ஸ்கவேட்டர் என் வீட்டுச் சன்னலுக்கு நேராக அனலை ஊதியது. இந்தத் தொழிலில் இருந்தும் நான் சன்னலைச் சாத்திக்கொண்டதோடு சரி. அதை ஓட்டியவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.