மோரில் கலந்த பெருங்காயம்

போன செவ்வாய்க்கிழமை பாளையங்கோட்டையில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம், நானும் என் மனைவி செல்வியும். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்...

செல்விக்கு சீலியாக் நோய். கோதுமை ஆகாது. துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகும். கண்டுபிடித்து ஆறு வருஷமாகிறது. சோறும் இட்லியுமாக வாழ்கிற நமக்கு இது ஒரு கஷ்டமா? அப்படித்தான் நினைத்தேன். "நல்லாத்தான இருக்க" என்று சொல்லி, இரண்டு வருஷமாக செக்கப்புக்குக்கூடக் கூட்டிப்போகவில்லை.

"கோதுமை எங்கிருந்தோ உள்ள போகுது சார்" என்றார் டாக்டர். "சத்து ஒட்டாம எலும்பும் தேஞ்சிருக்குன்னு ஸ்கேன் காட்டுது. இப்படியே விட்டா குடல் தேறாது."

ஆட்டோவில் ஏறியதும் நான் கேட்டது என்ன தெரியுமா? "போன மாசம் கல்யாண வீட்டுல கோதுமை அல்வா ஏதும் சாப்பிட்டியா?"

"என்னையவா சந்தேகப்படுதிய? ஆறு வருசமா ஒரு பூரியத் தொட்டிருப்பேனா?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ பயம். பயந்தவனுக்குப் பழி போட ஆள் வேண்டியிருக்கிறது, இல்லையா?

மறுநாள், ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் டயட்டீஷியன் சொன்னபடி சமையலறைப் பொட்டலங்களை எல்லாம் மேஜையில் பரப்பினோம். சாம்பார்ப் பொடி — வீட்டில் அரைத்தது. அப்பளம் — உளுந்து. பெருங்காய டப்பாவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பினேன். பொடி எழுத்தில்... கோதுமை மாவு!

பெருங்காயத்தில் மாவு கலந்துதான் விற்பார்களாம். எந்த மாவு என்பதுதான் விஷயம். பிஸ்கட்டையும் சேமியாவையும் துருவித் துருவிப் படித்த நான், இதைப் படித்ததே இல்லை. நீங்கள் படித்திருக்கிறீர்களா?

சாம்பார், ரசத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. நாலைந்து மாதமாக, "வயிறு உப்புசமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன்? தினமும் மோரில் பெருங்காயத்தைத் தாராளமாகக் கலக்கி, "மடக்குன்னு குடி, சரியாயிரும்" என்று கையில் கொடுத்தேன். உப்புசம் கூடக் கூட, பெருங்காயத்தையும் கூட்டினேன்.

"விடுங்க. நல்லதுன்னு நெனச்சுத்தான குடுத்திய" என்றாள் செல்வி. திட்டியிருந்தால் தேவலை.

ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. குடல் தேறியிருக்குமா? எலும்பு தாங்குமா? இப்போதே எனக்குத் தூக்கம் சரியில்லை. காலண்டரில் தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "இந்தத் தடவ செக்கப்பத் தவற விட மாட்டேன்" என்று அவளிடம் காட்டினேன்.

அவளும் தன் செல்போனில் தனியாகக் குறித்துக்கொண்டாள். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை!